வெர்மான்டில் சிறு கட்சிக்கு எந்தப் பாதை: சுயேச்சையா, தனிப் பெயரா, இரட்டைப் பெயரா?

வெர்மான்ட், அமெரிக்காவின் வடகிழக்கில் கனடா எல்லையை ஒட்டிய சின்ன மாநிலம். 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 6,43,077. அதில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் கிராமப்புறத்தில் வாழ்கிறார்கள். வேறெந்த மாநிலத்திலும் இந்த விழுக்காடு இவ்வளவு உயரமில்லை. மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 150 இடம், மேலவையில் 30. கீழவை உறுப்பினர் ஒருவருக்குச் சராசரியாக 4,300 பேர்தான். ஆளுநரிலிருந்து கீழவை உறுப்பினர்வரை எல்லோருக்கும் பதவிக்காலம் இரண்டே ஆண்டு. இப்படிப்பட்ட இடத்தில், பணமில்லாத ஒரு வேட்பாளர் கோடைகாலம் முழுக்க நடந்தே தொகுதியின் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட முடியும். மூன்றாம் கட்சி இங்கே பிழைத்திருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

பெரிய கட்சி இரண்டுக்கும் வெளியே நின்று அரசியல் செய்ய நினைப்பவருக்கு இங்கே மூன்று பாதை உண்டு. வெர்மான்டின் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் போலச் சுயேச்சையாக நிற்கலாம். சிறு கட்சியின் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கலாம். வெர்மான்டின் மூன்றாம் கட்சியான முற்போக்குக் கட்சியும் பெரிய கட்சியான ஜனநாயகக் கட்சியும் ஒருவரையே நிறுத்தும் இரட்டைப் பெயரில் நிற்கலாம். இதை உள்ளூரில் பி/டி, டி/பி என்று சுருக்கிச் சொல்வார்கள்: பி முற்போக்கு (Progressive), டி ஜனநாயகம் (Democrat), முதலில் வரும் கட்சி முதலில். நான் தேர்ந்த பக்கம் இரட்டைப் பெயர், அதிலும் முற்போக்கின் பெயர் முதலில் வருவது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை தெரியாமல் இறங்கியவர்கள் ஆகஸ்ட் மாதமே சிக்கிக்கொள்கிறார்கள்.

வேட்புமனுச் செலவு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அதை விரைவாகச் சொல்லிவிடலாம். கட்டுத்தொகை கிடையாது, கையெழுத்துதான் கணக்கு. கீழவைக்கு 50, மேலவைக்கு 100, மாநிலம் தழுவிய பதவிக்கு 500. பெரிய கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், பெயர் அச்சாக வேண்டுமானால் மே மாதக் கடைசிக்குள் மனு கொடுக்க வேண்டும். சுயேச்சைக்கு ஆகஸ்ட் தொடக்கம்வரை நேரம் உண்டு. கையெழுத்திடுபவர் அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரே பதவிக்கு ஒருவர் இரண்டு வேட்பாளர்களுக்குக் கையெழுத்திட்டால் அதுவும் சிக்கல். அதனால் 50 தேவைப்படும் இடத்தில் 70 வாங்கி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. வேட்பாளர் ஒப்புதல் படிவம் கூடவே போக வேண்டும். அதை மறந்து கடைசி நாளில் ஓடுவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது.

சுயேச்சைப் பாதையின் பலம் எல்லோரும் அறிந்ததே. சாண்டர்ஸ் 1970-களில் லிபர்ட்டி யூனியன் கட்சியின் சார்பில் ஆளுநர் பதவிக்கும் செனட்டுக்கும் மாறி மாறி நின்றார். அவருடைய உச்சம் 1976 ஆளுநர் தேர்தலில் பெற்ற 6 விழுக்காடு. கட்சியை விட்டு வெளியேறி, 1981-ல் பர்லிங்டன் மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்று 10 வாக்கில் வென்றார். 1988-ல் நாடாளுமன்றக் கீழவைக்கு நின்றபோது ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் களத்தில் இருந்ததால் வாக்கு பிரிந்து, குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித் வென்றார். 1990-ல் சாண்டர்ஸ் அவரைத் தோற்கடித்தார். 2006, 2018 செனட் தேர்தல்களில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்று, அந்த நியமனத்தை ஏற்காமல் சுயேச்சையாகவே நின்றார். இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. எதிரே ஜனநாயகக் கட்சிக்காரர் இல்லை, நெற்றியில் அந்தக் கட்சிப் பெயரும் இல்லை. ஆனால் இன்னொருவர் இதைச் செய்ய வேண்டுமானால் முதலில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வெல்லும் அளவுக்குப் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் சாண்டர்ஸுக்கு எட்டாண்டு மேயர் பதவியில் கிடைத்தது.

சுயேச்சைக்கு இன்னொரு குறை உண்டு. அவர் வாங்கும் வாக்கு எந்தக் கட்சிக் கணக்கிலும் சேராது. ஆண்டனி பொலினா 2000-ல் முற்போக்குக் கட்சியின் ஆளுநர் வேட்பாளராக நின்று ஏறத்தாழ 10 விழுக்காடும், 2002-ல் துணை ஆளுநர் பதவிக்கு நின்று ஏறத்தாழ 25 விழுக்காடும் வாங்கினார். 2008-ல் ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்று, ஜனநாயகக் கட்சி வேட்பாளரை மயிரிழையில் முந்தி இரண்டாம் இடம் பிடித்தார். அவருக்கு அது சாதனை. கட்சிக்கு அதில் சல்லிக்காசு மிச்சமில்லை. அவர் மேலவைக்குள் நுழைந்தது 2010-ல், இரட்டைப் பெயரில்.

இனி முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: பராமரிப்பு. கட்சிப் பெயரை வாக்குச்சீட்டில் வைத்திருக்க என்ன செலவாகிறது என்பதுதான் உண்மையான ஒப்பீடு.

வெர்மான்ட் சட்டத்தில் கட்சிகள் இரண்டு வகை. பெரிய கட்சி என்ற தகுதிக்கு இரண்டு நிபந்தனை. கடந்த பொதுத்தேர்தலில் மாநிலம் தழுவிய ஏதேனும் ஒரு பதவிக்கு 5 விழுக்காடு வாக்கு வேண்டும். அத்துடன் தேர்தல் ஆண்டு பிறப்பதற்குள் குறைந்தது 30 டவுன்களிலும் (ஊர் அளவிலான உள்ளாட்சி) 7 கவுன்டிகளிலும் (மாவட்டம் போன்ற பிரிவு) கட்சிக் கமிட்டி அமைந்திருக்க வேண்டும். சிறு கட்சி என்ற தகுதிக்கு 10 டவுன் போதும், வாக்கு விழுக்காடு தேவையில்லை. பெரிய கட்சிக்கு ஆகஸ்ட் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அரசுச் செலவில் பிரைமரி நடக்கும். சிறு கட்சி தன் வேட்பாளரைக் கமிட்டி கூடி அறிவித்தால் முடிந்தது.

30 டவுன் என்பது காகிதத்தில் எளிது. கமிட்டியைத் தேர்ந்தெடுக்கும் டவுன் கூட்டம் ஒற்றைப்படை ஆண்டின் செப்டம்பரில் நடக்க வேண்டும். தேர்தலே இல்லாத ஆண்டு, ஊரில் ஆப்பிள் அறுவடை நேரம், பள்ளி திறந்த புதிது. கூட்ட அறிவிப்பை டவுன் கிளார்க் அலுவலகத்திலும் இன்னொரு பொது இடத்திலும் முன்கூட்டியே ஒட்ட வேண்டும். கூட்டம் முடிந்ததும் தேர்வானவர்களின் பட்டியலை அனுப்ப வேண்டும். பர்லிங்டன், வினூஸ்கி, மான்ட்பீலியர், பிராட்டில்பரோ போன்ற இடங்களில் ஆள் சேர்வது பெரிய வேலையில்லை. கஷ்டமெல்லாம் 7 கவுன்டி நிபந்தனையில்தான். மாநிலத்தில் மொத்தமே 14 கவுன்டி. எசெக்ஸ், கிராண்ட் ஐல் மாதிரியான கவுன்டிகளில் ஊருக்கு நாலு பேரைக் கூட்டுவதற்குள் போதும்போதும் என்றாகிவிடும். ஆகவே 30 என்ற எண்ணைக் குறிவைக்கக் கூடாது. 40 டவுனில் கூட்டம் அறிவித்தால்தான் அறிவிப்புப் பிழை, ஆள் வராமை, அனுப்பாத பட்டியல் எல்லாம் கழிந்து 30 தேறும்.

மற்ற நிபந்தனையான 5 விழுக்காட்டில்தான் இரட்டைப் பெயர் தன் மதிப்பைக் காட்டுகிறது. நியூயார்க்கில் ஒரே வேட்பாளரின் பெயர் ஒவ்வொரு கட்சியின் வரிசையிலும் தனித்தனியாக அச்சாகும், வாக்கும் தனித்தனியாக எண்ணப்படும். வெர்மான்டில் பெயர் ஒருமுறைதான் வரும். பக்கத்தில் இரண்டு கட்சியும் இருக்கும். வாக்கு ஒரே மொத்தம். டக் ஹாஃபர் 2012-ல் மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கு இரட்டைப் பெயரில் வென்றார். டேவிட் ஸக்கர்மன் 2016-ல் துணை ஆளுநரானார், அவருக்கு முற்போக்கின் பெயர் முதலில். இப்படி ஒருவர் வென்றாலே 5 விழுக்காடு பற்றிய கவலை அடுத்த தேர்தல்வரை இல்லை. தனிப் பெயரில் நிற்கும் கட்சி ஒவ்வொரு முறையும் அந்த 5-க்காக ஒரு வேட்பாளரைப் பலிகொடுத்தாக வேண்டும், அதனால் வாக்கைப் பிரித்த பழியையும் சுமக்க வேண்டும்.

அந்தப் பழி இங்கே சாதாரணமானதல்ல. ஆளுநர், துணை ஆளுநர், கருவூலர் மூவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். யாருக்கும் வராவிட்டால் ஜனவரியில் சட்டமன்றத்தின் இரண்டு அவையும் கூடி ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும். 1976 துணை ஆளுநர் தேர்தலில் இப்படி இரண்டாம் இடம் பெற்றவரையே சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. 2014-ல் ஆளுநர் ஷம்லின் பாதியை எட்டாததற்கு, 4 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய, லிபர்டேரியன் என்ற இன்னொரு சிறு கட்சியின் வேட்பாளரும் ஒரு காரணம். 2024 துணை ஆளுநர் தேர்தலில் ஜான் ராட்ஜர்ஸ், ஸக்கர்மன் இருவருக்குமே 50 விழுக்காடு கிடைக்கவில்லை. லிபர்ட்டி யூனியனின் வழிவந்த அமைதி நீதிக் கட்சிக்கும் அந்தச் சீட்டில் வேட்பாளர் இருந்தார். சட்டமன்றம், முன்னிலையில் இருந்த ராட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தது.

இப்போது இரட்டைப் பெயரின் விலைக்கு வருவோம். வெர்மான்டில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது. பிரைமரி நாளில் எல்லாப் பெரிய கட்சிகளின் சீட்டும் கையில் தரப்படும். ஒன்றில் மட்டும் வாக்களித்துவிட்டு மற்றவற்றைத் தனிப் பெட்டியில் போட வேண்டும். ஒரு வேட்பாளரின் பெயர் ஒரு கட்சியின் பிரைமரிச் சீட்டில்தான் அச்சாகலாம். இரண்டாவது கட்சியின் நியமனத்தை, அதன் சீட்டில் அச்சாகாத பெயரை வாக்காளர்கள் கையால் எழுதித்தான் பெற்றுத் தர வேண்டும். அப்படிப் பெயரெழுதி வெல்வதற்கு, கையெழுத்துக் கணக்கில் பாதியளவு வாக்காவது வேண்டும்: கீழவைக்கு 25, மேலவைக்கு 50, மாநிலப் பதவிக்கு 250.

பலர் கணக்குத் தவறவிடுவது இங்கேதான். முற்போக்குச் சீட்டில் உங்கள் பெயரை எழுதும் ஒவ்வொருவரும் ஜனநாயகக் கட்சியின் சீட்டில் உங்களுக்கு வாக்களிக்க முடியாதவர். ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் போட்டி இறுக்கமாக இருந்தால், உங்களுடைய மிக உறுதியான ஆதரவாளர்களையே அங்கிருந்து இழுத்து இங்கே அனுப்புகிறீர்கள். 2016-ல் ஸக்கர்மன் ஜனநாயகப் பிரைமரியில் ஷாப் ஸ்மித், கேஷா ராம் இருவரையும் எதிர்கொண்டுகொண்டே முற்போக்கு நியமனத்தையும் பெயரெழுத வைத்து வாங்க வேண்டியிருந்தது. கீழவைத் தொகுதியில் 25 தேவை என்றால் பெயர் குறித்து 40 பேரிடம் சொல்லி வையுங்கள். அதற்கு மேல் யாரையும் அனுப்பாதீர்கள். பெயரை எழுதிவிட்டுப் பக்கத்திலுள்ள நீள்வட்டத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். தபாலில் வாக்களிப்பவர்களுக்கு இதை ஜூலையிலேயே சொல்ல வேண்டும், பிரைமரிக்கு முந்தைய வாரம் சொன்னால் பாதிச் சீட்டு ஏற்கெனவே பெட்டிக்குள் போயிருக்கும்.

முற்போக்குச் சீட்டில் வேறொருவர் பெயர் அச்சாகியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் குலையும். அந்தப் பிரைமரியில் விழும் வாக்கு மிகக் குறைவு. 500 கையெழுத்து திரட்டும் எவரும், கட்சிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கூட, உள்ளே நுழையலாம். 2020-ல் இதுதான் நடந்தது. ஸக்கர்மன் ஆளுநர் பதவிக்கான முற்போக்கு நியமனத்தைப் பெயரெழுதிய வாக்கில் மிகச் சொற்ப வித்தியாசத்தில் காப்பாற்றினார். அதே சீட்டில் வேறு பல மாநிலப் பதவிகளுக்கு, கட்சி ஆதரிக்காத ஒருவரே நியமனம் பெற்று நவம்பர் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயருடன் நின்றார். இதற்கு ஒரே மருந்து: நிற்க ஆளில்லாத பதவிக்கும் மே மாதத்துக்குள் நம்பிக்கையான ஒருவரின் பெயரை அச்சேற்றி வைப்பது, தேவைப்பட்டால் பிறகு விலகிக்கொள்வது. 2012-ல் கட்சித் தலைவர் மார்த்தா அபட் ஆளுநர் நியமனத்தை மறு எண்ணிக்கைவரை போய் வென்று, பிறகு வாக்கு பிரியாமலிருக்க விலகினார்.

அரசு நிதியில் தேர்தல் நடத்துபவர் இரட்டைப் பெயரில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ஆளுநர் பதவிக்கு 1,500 பேரிடம், தலைக்கு 50 டாலருக்கு மிகாமல், 35,000 டாலர் திரட்டினால் அரசு நிதி கிடைக்கும். துணை ஆளுநருக்கு 750 பேர், 17,500 டாலர். வாங்கியபின் வேறு நன்கொடை தொடக் கூடாது. 2014-ல் டீன் காரன் இப்படி நிதி பெற்று இரட்டைப் பெயரில் நின்றார். ஜனநாயகக் கட்சி அவருக்காக அனுப்பிய ஒரு மின்னஞ்சல், 255 டாலர் மதிப்புள்ள நன்கொடை என்று கணக்கிடப்பட்டு அட்டர்னி ஜெனரலின் நடவடிக்கை வரை போனது. இரண்டாவது கட்சி உங்களுக்குச் செய்யும் உதவியே உங்களைச் சிக்கவைக்கும் என்பதால், அரசு நிதியை வாங்கினால் அந்தக் கட்சி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

தனிப் பெயருக்கு என் ஆதரவு இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று பர்லிங்டன் நகரத் தேர்தல். அங்கே முற்போக்குக் கட்சிக்கு 40 ஆண்டு வேர் இருக்கிறது. பீட்டர் கிளாவெல் காலம் தொடங்கி, 2024-ல் எம்மா மல்வேனி-ஸ்டானக் ஜனநாயகக் கட்சி வேட்பாளரை வென்று மேயரானதுவரை, நேருக்கு நேர் மோதி வென்ற வரலாறு அது. இன்னொன்று இரண்டு உறுப்பினர் கொண்ட கீழவைத் தொகுதி. ஆதரவாளர்கள் தங்கள் இரண்டு வாக்கில் ஒன்றை மட்டும் உங்களுக்குப் போட்டு மற்றதைக் காலியாக விட்டால் மூன்றாம் வேட்பாளர் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடலாம். லிபர்டேரியன்களுக்கு எது பொருந்தும் என்பதை நான் வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். 10 டவுன் சிறு கட்சித் தகுதி அவர்களுக்கு நிம்மதியானது என்றே படுகிறது: பிரைமரி இல்லாத இடத்தில் அந்நியர் நுழையவும் வழியில்லை.

எந்தப் பெயர் முதலில் என்பதை வேட்பாளரே தேர்தல் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். மேலவைக்கு முதல் தேர்தலில் நிற்பவர்கள் பலர் ஜனநாயகத்தை முதலில் போடச் சொல்கிறார்கள். டிம் ஆஷ் அப்படித்தான் மேலவையின் தலைமைப் பொறுப்புவரை போனார். பதவி வேண்டுமென்றால் அது சரியான தேர்வு. ஆனால் டி/பி என்று போனவர் ஜனநாயகக் கட்சியின் குழுவில்தான் உட்காருவார். ஒற்றைப்படை ஆண்டு செப்டம்பரில் 40 டவுனில் கூட்டம் கூட்ட அவர் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். முற்போக்கின் பெயரை முதலில் போடச் சொல்பவரிடமே அந்த வேலையைக் கேட்க முடியும். வேட்பாளரை ஆதரிக்கும் முன்பே, எந்தெந்த டவுன் கூட்டத்துக்கு அவர் பொறுப்பு என்பதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.