வட்டம் நீலமா, சிவப்பா?

1923-இல் ஜெர்மனியின் வைமார் நகரில், பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஓவியர் காண்டின்ஸ்கி ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்: முக்கோணம், சதுரம், வட்டம், இதில் எதற்கு மஞ்சள், எதற்குச் சிவப்பு, எதற்கு நீலம்? அவர் கணக்கில் முக்கோணம் மஞ்சள் (கூர்மையான வடிவத்துக்குக் கூர்மையான நிறமாம்), சதுரம் சிவப்பு, வட்டம் நீலம். ஆனால் பிற்காலத்தில் ஜப்பானில் சாதாரண ஆட்களை வைத்துச் சோதித்தபோது வட்டத்துக்குச் சிவப்பும் சதுரத்துக்கு நீலமும் வந்தன, முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே நின்றது. அவர்கள் கொடியே அப்படித்தானே என்று கேட்கலாம், கேட்க வேண்டியதுதான்.

எனக்கு இரண்டாவதுதான் சரி. பாம்பன் பக்கம் விடிகாலையில் கடலிலிருந்து சூரியன் எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவனிடம் வட்டம் நீலம் என்றால் சிரிப்பான். போதாததற்கு நெற்றிக் குங்குமம் வேறு. சதுரம் என்றால், கருவாடு காயும் மணலில் நான்கு மூலையிலும் கல் வைத்து விரித்த நீலத் தார்ப்பாய். அப்புறம் முக்கோணம்? அங்கேதான் இரண்டு பக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் கூர்கூராகக் குவிந்து நிற்கும் உப்பு, உச்சி வெயிலில் கண் கூசும் வெள்ளை. அந்தத் தாளில்தான் வெள்ளைக்கு இடமே இல்லையே!