கிராஸ்: கரூர் விரிப்புக்கும் டவலுக்கும் அமெரிக்க வரி பார்க்க ஓர் இலவசத் தேடுதளம்

பருத்தி ஹோம் டெக்ஸ்டைலை அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் பையரிடம் விலை சொல்வதற்கு முன்பே திறந்து பார்க்க வேண்டிய தளம் கிராஸ். எந்தச் சரக்கு எந்த எச்எஸ் கோடில் (சரக்கை வகை பிரித்து வரி போட உதவும் எண்) வரும் என்று அமெரிக்கச் சுங்கத்துறை எழுதிக் கொடுத்த ரூலிங்குகளை அங்கே முழுதாகப் படிக்கலாம். லாகின் வேண்டாம், காசும் வேண்டாம். முகவரி ரூலிங்ஸ் டாட் சிபிபி டாட் கவ்.

இதன் அருமை தலையணை உறையில் தெரியும். பிரிண்ட் போட்ட பருத்தி உறை, பிரஷ் செய்து மயிர் எழுப்பாத துணி, ஓரத்தில் வெறும் மடிப்புத் தையல் என்றால் 6302.21.90, வரி 6.7 சதவீதம். அதே உறையின் ஓரத்தில் மெல்லிய பைப்பிங் (தையலோடு சேர்த்த குழல்போன்ற துணிப்பட்டை) கொடுத்தால் 6302.21.50, வரி 20.9 சதவீதம். 50,000 டாலர் சரக்குக்கு 3,350 எங்கே, 10,450 எங்கே! எம்பிராய்டரி, லேஸ், எட்ஜிங், பைப்பிங், அப்ளிக் (மேலே வைத்துத் தைத்த துணி உருவம்) என எது இருந்தாலும் இந்த அதிக வரி என்பதுதான் சட்ட வாசகம். இத்தனை அங்குலம் என்ற கணக்கெல்லாம் இல்லை. மூலையில் ஒரே ஒரு பூ எம்பிராய்டரி இருந்தாலும் அதே கதிதான். பையரின் டிசைனர் கடைசி நேரத்தில் பைப்பிங் கேட்டால் விலையைத் திரும்பப் போட்டாக வேண்டும். நூலுக்குச் சாயமேற்றி நெய்த கட்டம் பிரிண்ட் ஆகாது, அது 6302.31.

கிச்சன் துணியில் பெயர்க் குழப்பம். பாத்திரம் துடைக்கும் டவல் டெர்ரியாக (நூல் வளையங்கள் எழும்பிய துணி) இருந்தால் 6302.60, வரி 9.1, டெர்ரி இல்லாத சாதா நெசவு 6302.91, வரி 9.2. பாத்திரம் தேய்க்கும் சிறிய டிஷ் கிளாத் கிச்சன் லினனே அல்ல, சுத்தம் செய்யும் துணி. அது 6307.10.20, வரி 5.3. இன்வாய்ஸில் எல்லாவற்றையும் 'கிச்சன் டவல்' என்று ஒரே வரியில் அடித்தால் வீண் வரி போகும். அதற்காக டவலை 'கிளாத்' என்று எழுதிவிட்டால் தப்பிக்க முடியாது. அளவையும் பயன்பாட்டையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். குஷன் கவரையும் தலையணை உறையோடு சேர்க்கக் கூடாது. அது 6304.92, வரி 6.3.

தேடும்போது எச்எஸ் எண்ணைப் புள்ளியோடு போட்டு, கூடவே பொருளின் பெயரையும் கொடுத்தால் பட்டியல் சுருங்கும். தலைப்பை நம்பாமல், மாதிரியை வர்ணிக்கும் பத்தியைப் படியுங்கள். இழை சதவீதம், நெசவு, ஓர வேலை, அளவு எல்லாம் அங்கேதான் இருக்கும். உங்கள் ஸ்பெக் ஷீட்டை அதோடு வரிவரியாக ஒத்துப்பாருங்கள். ஒன்று மாறினாலும் அந்த ரூலிங் உங்களுக்கு ஆகாது. பெரும்பாலும் படம் இருக்காது என்பது பெரிய குறை.

தேதியைப் பார்க்காமல் ஏமாறுவதும் உண்டு. கிறிஸ்துமஸ் படம் போட்ட மேஜை விரிப்பு பண்டிகைப் பொருள், 9505, வரியில்லை என்று சொல்லும் பழைய ரூலிங்குகளும் தேடலில் வந்து விழும். 2007 எச்எஸ் திருத்தம் பயன்பாட்டு லினனை அந்த அத்தியாயத்திலிருந்தே விலக்கிவிட்டது. ரஜாய் (பஞ்சடைத்த போர்வை) வகையும் 2022-இல் 9404.90-லிருந்து 9404.40-க்கு நகர்ந்தது. ரத்தானவற்றில் குறிப்பு இருக்கும். ஆனால் சட்டமே மாறியதால் காலாவதியானதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒத்த ரூலிங் அகப்படாவிட்டால் நீங்களே கேட்கலாம். இறக்குமதியாளர்தான் கேட்க வேண்டும் என்றில்லை, ஏற்றுமதியாளருக்கும் உரிமை உண்டு. இ-ரூலிங் எனும் ஆன்லைன் படிவத்தில் ஒரே வகையைச் சேர்ந்த ஐந்து பொருள் வரை போடலாம். மாதிரி தேவைப்பட்டால் தபாலில் அனுப்ப வேண்டும். சுங்கத்துறையின் நியூயார்க் அலுவலகம் வழக்கமாக 30 நாளில் பதில் தருகிறது. தலைமையகத்துக்குப் போனால் 90 நாள் வரை ஆகும். அமெரிக்காவில் இன்னும் வந்திறங்காத சரக்குக்கு மட்டுமே கேட்க முடியும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. துணி எங்கே நெய்தது என்பதையும் எழுதிவிடுங்கள். பருத்தி விரிப்புக்குப் பிறப்பிடம் துணி நெய்த நாடுதான். வெளிநாட்டுத் துணியைக் கரூரில் வெட்டித் தைத்தால் மட்டும் அது இந்தியச் சரக்காகிவிடாது.

ரூலிங்கில் அச்சாகியிருக்கும் வரிவீதம் அது எழுதப்பட்ட நாளுக்கானது. இன்றைய வீதத்துக்கு எச்டிஎஸ் (அமெரிக்க வரி அட்டவணை) தளம், 2025-இல் இந்தியச் சரக்கின் மேல் வந்ததுபோன்ற கூடுதல் வரிக்கு அதன் 99-ஆம் அத்தியாயம்.