ரெஃபரன்ஸ் அடுக்க எது தோது: கையா, ஜோட்டெரோவா, மெண்டலேயா, லேடெக்ஸா?

"ஸ்டாண்டர்ட்ஸ், பி. ஆஃப் ஐ." என்று ஓர் ஆசிரியர். சில மாதங்களுக்கு முன் என் கடையில் பிரிண்ட் எடுத்த ஆய்வுக் கட்டுரையின் ரெஃபரன்ஸ் பட்டியலில், அதாவது எந்தெந்த நூலையும் பேப்பரையும் பார்த்து எழுதியது என்று கடைசியில் அடுக்கும் பட்டியலில், இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பென்னாகரம் பக்கத்துக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அளந்த கட்டுரை அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்று சொல்லும் இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பீரோ ஆஃப் இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ்தான் அந்த ஆசாமி. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, மிச்சத்தை இனிஷியலாகச் சுருக்கிவிட்டது மென்பொருள். கட்டுரை எழுதிய தம்பி அதைப் பார்க்காமலே இதழுக்கு அனுப்பியிருக்கிறார். ரெஃபரன்ஸ் எங்கள் முறையில் இல்லை என்று, துறை ஆட்கள் படித்துப் பார்க்கும் ரிவியூவுக்குக்கூடப் போகாமல் திரும்பி வந்துவிட்டது.

தருமபுரியில் தீசிஸ் டைப் செய்து, பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடை என்னுடையது. ரெஃபரன்ஸ் அடுக்க "ண்ணா, எதுல பண்ணா ஈசி?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ஜோட்டெரோவும் மெண்டலேயும் ரெஃபரன்ஸ் விவரங்களைச் சேர்த்து வைத்து, கேட்ட முறையில் பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள்கள்; லேடெக்ஸ், கட்டளை எழுதிக் கட்டுரையையே அச்சுக்கு அமைக்கும் மென்பொருள். எது வேகம் என்பதை விட, எது பேரைக் கெடுக்காமல் போடும் என்றுதான் நான் பார்ப்பேன்.

முதலில் கை. இருபது ரெஃபரன்ஸுக்குள் என்றால் கையால் அடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் எந்த ஸ்டைல் என்று பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறையான ஏபிஏ ஆசிரியர் பெயரின் அகரவரிசை, நடுவில் ரெண்டு சேர்த்தால் ரெண்டு வரி கூடும், அவ்வளவுதான். வான்கூவர் அப்படியில்லை. 1978-ல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதிலிருந்து வந்த முறை; கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அதுதான் ஒன்று. முன்னுரையில் ரெண்டு பேப்பர் சேருங்கள் என்று ரிவியூவர் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். 7 இருந்தது 9 ஆகும். உள்ளே "12, 15–18" என்று அடைப்புக்குள் இருப்பதெல்லாம் சரிந்துவிடும். 43 ரெஃபரன்ஸ் உள்ள ஒரு கட்டுரையை ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து அப்படித் திருத்தியிருக்கிறேன். காலையில் பார்த்தால் 31 ரெண்டு தடவை இருந்தது.

கூகுள் ஸ்காலரில் "சைட்" அழுத்தி காப்பி எடுத்து ஒட்டுவதும் கை வேலையில்தான் சேரும். அதில் டிஓஐ, அதாவது பேப்பரின் நிரந்தர இணைய அடையாள எண், வராது; தனியாகத் தேடிப் போட வேண்டும். வேர்டிலேயே இருக்கும் ரெஃபரன்ஸ் வசதியையும் சிலர் நம்புகிறார்கள். 2016 மாதிரி பழைய வேர்டில் இருப்பது ஏபிஏ ஆறாம் பதிப்பு. ஏழாம் பதிப்பு 2019-லேயே வந்துவிட்டது. அதில் பதிப்பக ஊர் பெயர் தேவையில்லை, இருபது ஆசிரியர் வரை எல்லார் பெயரையும் எழுத வேண்டும். ஆறாம் பதிப்பில் எட்டுப் பேர் ஆனாலே ஆறு பேரோடு நிறுத்தி, மூன்று புள்ளி வைத்து, கடைசி ஆளைப் போடுவார்கள்.

ஜோட்டெரோவுக்குத்தான் என் ஓட்டு. 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது, காசு கிடையாது. பிரவுசரில் ஒரு பட்டனை அழுத்தினால் பேப்பர் விவரம் உள்ளே வந்துவிடும். டிஓஐ எண்ணைக் கொடுத்தாலும் வரும். ஒரு இதழ் திருப்பி அனுப்பி, வேறு இதழுக்கு வான்கூவரிலிருந்து ஏபிஏவுக்கு மாற்ற வேண்டுமா? ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடியும். இணையத்தில் இலவச இடம் 300 எம்பிதான் என்று பலர் தயங்குகிறார்கள். அதைத் தின்பது பிடிஎஃப்தான். பிடிஎஃப் தானாக இணையத்தில் ஏறும் சிங்க்கை நிறுத்திவிட்டு உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டால் அந்த வரம்பு ஒரு பிரச்சினையே இல்லை.

இனி பேர் விஷயம். உதாரணத்துக்கு, மாரியின் மகன் கந்தன். எம். கந்தன் என்று எழுதுகிறவர். இதழின் படிவம் குடும்பப் பெயர் கேட்டதும் அப்பா பெயரைப் போடுகிறார். அந்தப் பேப்பரை இறக்கினால் பட்டியலில் வருவது "மாரி, கே.". வயலில் நிற்கும் அப்பா ஆய்வாளர் ஆகிவிட்டார். இன்னொரு பேப்பரில் அவரே "கந்தன், எம்.". பட்டியலில் இவர்கள் ரெண்டு ஆள். இந்தக் குழப்பத்துக்காகத்தான் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் 16 இலக்க ஓர்சிட் எண். சீக்கிரமே வாங்கிவிட்டு, எல்லா இதழிலும் ஒரே மாதிரி பெயர் கொடுங்கள். அடுத்தவர் பெயரை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். அவர் பேப்பரில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

நிறுவனப் பெயருக்கு மருந்து ஜோட்டெரோவிலேயே இருக்கிறது. ஆசிரியர் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன். அழுத்தினால் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற ரெண்டு கட்டம் ஒன்றாகும். முழுப் பெயரையும் அதில் போட்டால் அமைவனம் அமைவனமாகவே இருக்கும். தலைப்பில் வரும் கேழ்வரகு, மாம்பழத்தின் அறிவியல் பெயருக்கும் சாய்வெழுத்துக் குறியை நாம்தான் போட வேண்டும்.

மெண்டலேயை, ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்சவியர் 2013-ல் வாங்கியது. இலவச இடம் 2 ஜிபி, அந்த விஷயத்தில் தாராளம்தான். ஆனால் பழைய டெஸ்க்டாப் மென்பொருளை 2022 செப்டம்பரோடு புதிதாக இறக்க முடியாமல் செய்துவிட்டார்கள். புதியதன் வேர்டு இணைப்புக்கு 2016 அல்லது அதற்குப் பிந்தைய வேர்டு வேண்டும், கணக்கில் நுழைய வேண்டும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் லேப்டாப்பில் 2010 வேர்டு. கைடு ஏற்கெனவே அதில் ரெஃபரன்ஸ் தொகுப்பு வைத்திருந்தால் நீங்களும் அதிலேயே இருங்கள். இல்லையென்றால் புதிதாகப் போக வேண்டாம். இதே வேலைக்கான எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது. பல்கலைக்கழகம் கொடுத்தால் சரி.

கணக்கு, இயற்பியல் ஆட்களுக்கு லேடெக்ஸும், அதில் ரெஃபரன்ஸ் பட்டியல் போட 1985-ல் வந்த பிப்டெக்ஸும் பழக்கம். பேர் விஷயத்தில் அதுதான் கறார்: நிறுவனப் பெயரை ரெட்டை நெளிவு அடைப்புக்குள் வைத்தால் தொடவே தொடாது. தமிழ் எழுத்து வந்தால் பழைய பிப்டெக்ஸ் திணறும்; அதன் இடத்தில் பைபர் என்ற புதிய மென்பொருள் வேண்டும். பயோகெமிஸ்ட்ரி பிள்ளையை இதற்காக லேடெக்ஸ் படி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நடுகல் பற்றி எழுதும் வரலாற்று மாணவர்கள் வந்தால் மட்டும் என் பதில் மாறும். ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூலைக் காட்டும்போது ஏபிஏ தலைப்பை ரோமன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் சதுர அடைப்பில் மொழிபெயர்ப்பு கேட்கும். சதுர அடைப்புக்கு ஜோட்டெரோவில் தனிக் கட்டம் இல்லாததால் அந்த நாலைந்து வரிகளை நான் கையால்தான் திருத்துகிறேன். அதற்கு முன் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, அதில் ஜோட்டெரோவின் இணைப்பை அறுத்துவிட வேண்டும். அறுக்காமல் திருத்திவிட்டு ஒரு முறை ரிஃப்ரெஷ் கொடுத்தால், அடித்ததெல்லாம் போய்ப் பழைய வரியே வந்து நிற்கும்.