கிடங்குக் கடையில் ஓராண்டு மளிகை

பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கு மாதச் சாமான் வாங்குவதென்றால், தெருமுனைக் கடைக்கார அண்ணனிடம் காலையில் பட்டியலைக் கொடுத்துவிட்டு, மாலையில் பையைப் பெற்றுக்கொண்டு, கணக்கு நோட்டில் பற்று எழுதிவிட்டு வருவதுதான் பல ஆண்டு வழக்கம். ஓட்டல் நடத்தும் என் மச்சான் கோவைப் புறநகரில் இருக்கும் பெரிய மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறார். அதில் எனக்கும் ஒரு துணை அட்டை கிடைத்ததால், கடந்த ஓராண்டில் நான்கு முறை அங்கே சென்று, மூன்று மாதச் சாமானை ஒரே நடையில் வாங்கிப் பார்த்தேன். வீட்டில் என் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர். சில குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் நடக்கும் எந்தக் கிடங்குக் கடைக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இத்தகைய கடைகள் வணிகர்களுக்காக அமைந்தவை, ஜி.எஸ்.டி. எண்ணோ தொழில் உரிமமோ இருப்பவர்களுக்குத்தான் அட்டை தருகிறார்கள். கூரை வரை அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே தட்டையான பெரிய தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகலாம், எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு பொருளின் கீழும் ஒன்று வாங்கினால் ஒரு விலை, ஆறு வாங்கினால் ஒரு விலை, பெட்டியாக எடுத்தால் இன்னொரு விலை என்று மூன்று வரிகள் எழுதியிருக்கும். நான் சென்ற கடையில் வரி சேராத விலையைக் கொட்டை எழுத்திலும், வரியுடன் கூடிய விலையை அதன் கீழே பொடி எழுத்திலும் போட்டிருந்தார்கள். சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வணிகருக்கு முதல் எண் போதும். வீட்டுக்கு வாங்குபவர் இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பதை முதல் முறை பில் போட்ட பிறகே நான் புரிந்துகொண்டேன்.

முதலில் அரிசி. 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்துப் பெயர் அச்சிட்டு விற்கும் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு, பை 25 கிலோ அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 5 சதவீத வரி உண்டு. அதற்கு மேற்பட்ட பைக்கு இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை என்ற விசித்திரமான அளவு நம் ஊர்க் கடைகளில் பெருகியதற்கு இதுவே காரணம். கிடங்கில் நான் வாங்கிய பொன்னி புழுங்கலரிசி 26 கிலோ 1,590 ரூபாய், அதாவது கிலோ 61 ரூபாய் சொச்சம். அதே தரம் எங்கள் தெருக்கடையில் கிலோ 64 ரூபாய். மூட்டைக்கு 74 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்துகொண்டிருந்த வாரத்திலேயே ஒரு திருமணத்துக்காகக் காங்கேயம் போக நேர்ந்தது. அங்கே அரிசி ஆலை ஒன்றின் வாசலிலேயே அதே எடை மூட்டையை 1,540 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், அதுவும் ஒரு வருடப் பழைய அரிசி என்று சொல்லி. சோறு உதிரியாக வந்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். நெல் அரைக்கும் ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அரிசிக்காகக் கோவைக்குப் போன என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பருப்பில் நிலைமை இன்னும் சிக்கலானது. தெருக்கடையில் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் துவரம் பருப்புக்கு வரி இல்லை. கிடங்கில் முத்திரையிட்ட 5 கிலோ, 10 கிலோ பைகளுக்கு 5 சதவீத வரி விலையிலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே அங்கே கிடைக்கும் தள்ளுபடியில் ஒரு பகுதி வரியை ஈடுகட்டவே போய்விடுகிறது. இதைக் கவனிக்காமல் ஆகஸ்டில் 10 கிலோ பை ஒன்றை எடுத்தேன். ஐப்பசி மழை பிடித்த பிறகு பையைத் திறந்தால், உள்ளே நூலாம்படை கட்டி வண்டு ஓடியது. புடைத்துப் பொறுக்கியும் ஏறத்தாழ 3 கிலோவைக் கொட்ட வேண்டியதாயிற்று. பொருளைத் திருப்பித் தருவதற்கான ஏழு நாள் கெடு எப்போதோ முடிந்திருந்தது. முடியாமல் இருந்தாலும், பில் மச்சானின் ஓட்டல் பெயரில் இருந்ததால் அவரையும் அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

இதில் கடையைக் குறை சொல்வதைவிட என்னைச் சொல்வதே நியாயம். என் அம்மாயி காலத்தில் துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து, பானையில் அடைத்து, வேண்டும்போது உடைத்துக்கொண்டார்கள்; உடைத்த பருப்பென்றால் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் போட்டு எடுத்தார்கள். அரிசிப் பானையில் வசம்பும் வேப்பிலையும் கிடக்கும். இவற்றில் எதையும் செய்யாமல் பிளாஸ்டிக் பையை அப்படியே அலமாரிக்கு அடியில் தள்ளியவன் நான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஓர் எளிய பூச்சிப் பொறி உண்டு: பக்கமெல்லாம் துளையிட்ட குழாய் ஒன்றைத் தானியத்துக்குள் செருகிவைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியில் உள்ள கிண்ணத்தில் விழுந்துவிடும், மீண்டும் ஏற முடியாது. மூன்று மாத அரிசியை வீட்டில் வைக்க நினைப்பவர்கள், வாங்குவதற்கு முன்பே அப்படி ஒன்றுக்கும், காற்றுப் புகாத இரண்டு டிரம்களுக்கும் செலவு செய்துவிடுவது நல்லது. டிரம் வாங்கிய பணத்தை லாபக் கணக்கில் கழிக்க மறந்துவிடக் கூடாது.

எண்ணெய் டின்னைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிடங்கில் இரண்டு சூரியகாந்தி எண்ணெய் டின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று 2,310 ரூபாய், மற்றொன்று 2,470 ரூபாய். உருவத்தில் வேறுபாடு தெரியவில்லை. முதல் டின்னைத் தூக்கி வண்டியில் வைத்த பிறகுதான், அதில் 15 லிட்டர் என்றும் மற்றதில் 15 கிலோ என்றும் அச்சிட்டிருப்பதைக் கண்டேன். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை கொண்டது. அந்தக் கணக்கில் 15 கிலோ டின்னில் ஏறத்தாழ பதினாறரை லிட்டர் இருக்கும், 15 லிட்டர் டின்னிலோ 13.65 கிலோதான் இருக்கும். 160 ரூபாய் குறைவாகத் தோன்றிய டின் உண்மையில் லிட்டருக்கு நான்கு ரூபாய் கூடுதல். சிறிய பாக்கெட்டுகளிலும் இதே வித்தை நடக்கிறது. பார்ப்பதற்கு ஒரு லிட்டர் போலிருக்கும் உறையில் 850 கிராம் என்று இருக்கும். அதிகபட்ச சில்லறை விலைக்கு அருகிலேயே, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலங்களில் கிலோவுக்கு எவ்வளவு என்றும், அதற்குக் குறைந்தவற்றில் கிராமுக்கு எவ்வளவு என்றும் அச்சிட வேண்டும் என்பது இப்போது சட்டம். அந்தச் சிறிய எண்ணைப் படிக்க மூக்குக் கண்ணாடி தேவைப்பட்டாலும் படித்துவிடுவது நல்லது. அப்படிப் படித்ததில்தான், பெரிய ஷாம்பு புட்டியைவிடச் சரமாகத் தொங்கும் சிறிய பாக்கெட்டுகள் மில்லிக்கு மலிவு என்பதையும் கண்டேன்.

சமையலுக்கு நாங்கள் பெரும்பாலும் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும்தான் பயன்படுத்துகிறோம். தேங்காய் எண்ணெயை டின்னாக வாங்குவது எங்கள் பக்கத்துக் குளிருக்கு ஒத்து வராது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பதால், மார்கழியில் டின்னின் சிறிய வாய் வழியாகக் கரண்டிக் காம்பை விட்டுக் குடைந்துகொண்டிருந்தோம். இந்த இரண்டு எண்ணெயையும் இப்போது செக்கில் ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக்கொள்கிறோம். மஞ்சளுக்கு ஈரோடும் நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடியும் இருக்கும்போது கிடங்கில் அவற்றைத் தேட வேண்டியதில்லை. மிளகு, சீரகம், ஏலக்காய் போன்றவற்றைக் கோவை ரங்கே கவுடர் வீதியில் மோந்து பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். கிடங்கில் மோந்து பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் உறைக்குள்.

அப்படியென்றால் அங்கே எதற்குப் போக வேண்டும்? துணி சோப்புத் தூள், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றுக்குப் போகலாம். 6 கிலோ சோப்புத் தூள் எங்கள் கடை விலையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கெடாது, வண்டு பிடிக்காது. சர்க்கரையும் தேயிலையும் நன்றாகவே இருந்தன. இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 2025 ஆகஸ்டில் ஓராண்டுக்கான குளியல் சோப்பையும் பற்பசையையும் பெட்டியாக வாங்கி அடுக்கினேன். செப்டம்பர் 22 முதல் அவற்றின் மீதான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. என் அலமாரியில் இருக்கும் கடைசி சோப்பு வரை பழைய வரியைத் தாங்கியதுதான்.

அந்த ஆகஸ்டுப் பயணத்தின் கணக்கு இது. பட்டியலில் எழுதிக்கொண்டு போன சாமானுக்கு 14,260 ரூபாய் ஆனது. அதையே தெருக்கடையில் வாங்கியிருந்தால் 15,900 ரூபாய். மிச்சம் 1,640. போக வர சுமார் 70 கிலோமீட்டர், பெட்ரோல் 470 ரூபாய். கொட்டிய பருப்பு 375 ரூபாய். மீதி 795 ரூபாய்தான் நிற்கிறது. பட்டியலில் இல்லாமல் வண்டிக்குள் ஏறிய பிஸ்கட் பெட்டி, தக்காளி சாஸ், பாலாடைக்கட்டி ஆகியவற்றின் விலை 1,180 ரூபாய். ஆக, 385 ரூபாய் கைப்பிடித்தம்.

சாமான் இறங்கியதும் அம்மா கேட்டது, “என்ன கண்ணு, கண்ணாலத்துக்கா வாங்கியாந்திருக்கிற?” என்பதுதான். மனைவி சொன்னது இன்னும் சரியான கணிப்பு: “நெறையக் கெடந்தா கை தாராளமாத்தானுங்க வரும்.” உண்மையிலேயே, மாதம் நான்கு லிட்டரில் ஓடிய எண்ணெய், டின் வந்த பிறகு ஐந்து லிட்டருக்கு மேல் போயிற்று, பலகாரம் சுடும் நாள்கள் கூடின. பிஸ்கட் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசிப் பயணத்தை வேறு மாதிரி அமைத்தோம். பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் சேர்த்து வாங்கியதால் பெட்ரோல் பாதியாகப் பகிர்ந்தது. பெட்டி விலையில் எடுத்தாலும் ஒரு வீட்டுக்கு ஆறு வாரச் சரக்குக்கு மேல் வரவில்லை. பட்டியலில் ஏழு பொருள்கள்தான், பிள்ளைகளை அழைத்துப் போகவில்லை. வார நாளில் காலை பத்து மணிக்குப் போனதால் பில் போட ஐந்து நிமிடம்தான் ஆயிற்று; ஞாயிற்றுக்கிழமை மாலையில் இதற்கே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, பெட்ரோல் போக 1,300 ரூபாய் மீந்தது. சர்க்கரைச் சிப்பத்தைத் திண்ணையில் பிரித்து இரு வீட்டுக்கும் பங்கு போட அம்மா பழைய இரும்புப் படியைத்தான் எடுத்து வந்தார். உள்ளே எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது என்று தங்கை இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை.