எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர்: பெயர் கேட்காத வகுப்பறை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போட்டு வைத்திருக்கும் இணையதளம்தான் ஓப்பன்கோர்ஸ்வேர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதில் நாலு பாடங்களை மேலோட்டமாகத் திறந்து பார்த்துவிட்டு எழுதும் விமர்சனம் இல்லை இது. ஒரே ஒரு பாடத்தை, 18.06 என்று எண் போட்ட லீனியர் அல்ஜீப்ராவை (மேட்ரிக்ஸ், வெக்டர் பற்றிய கணிதம்), முதல் வகுப்பிலிருந்து 34-வது வகுப்பு வரை உட்கார்ந்து முடித்தவன் எழுதுவது. முடித்தவன் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு முன் இரண்டு தடவை ஐந்தாவது வகுப்பைத் தாண்டாமல் ஓடிப்போனவனும் நான்தான். மூன்றாவது முறை பதினோரு மாதம் பிடித்தது.

கல்லூரியில் மேட்ரிக்ஸ் படித்தவன்தான், மதிப்பெண்ணும் மோசமில்லை. அணிக்கோவை கண்டுபிடி என்றால் கண்டுபிடிப்பேன், நேர்மாறு கேட்டால் இரண்டு பக்கத்துக்குப் போட்டுத் தருவேன், எதற்கு என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. வேலையில் மெஷின் லேர்னிங் பக்கம் தள்ளிவிடப்பட்டபோதுதான் உறைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் ஐகன்வெக்டர் (மேட்ரிக்ஸால் பெருக்கினாலும் தன் கோட்டை விட்டு விலகாத வெக்டர்) என்று சொல்லும்போது அவர்கள் மனதில் ஏதோ ஒரு படம் ஓடுகிறது. எனக்கு ஒரு சூத்திரம்தான் ஓடியது, அதுவும் பாதி மறந்து.

முதலில் காசு கட்டித்தான் ஓர் இடத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாதச் சந்தா, பளிச்சென்ற தளம், பத்து பத்து நிமிட வீடியோக்கள், ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு பச்சை டிக், ஏழு நாள் விடாமல் வந்தால் ஒரு பதக்கம். வேலை கூடிப்போய் இரண்டு மாதம் சந்தாவை நிறுத்தி வைத்தேன். திரும்பிப் போனால் நான் ஏற்கெனவே பார்த்து முடித்த வீடியோக்களுக்கும் பூட்டு. அதைவிட வயிற்றெரிச்சல், அந்தத் தளத்துக்குள்ளேயே நான் தட்டி வைத்திருந்த குறிப்புகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. நான் எழுதியதை நானே படிக்க வாடகை கட்ட வேண்டுமாம்! அந்தக் கடுப்பில்தான் ஓப்பன்கோர்ஸ்வேர் பக்கம் வந்தேன்.

இதன் பின்கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. இணையக் கல்வி என்ற அலை கிளம்பிய நேரத்தில், அதில் எம்.ஐ.டி. என்ன செய்யலாம், வருமானத்துக்கு வழி இருக்கிறதா என்றெல்லாம் அலசுவதற்கு ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் எல்லாப் பாடப்பொருளையும் இலவசமாக இணையத்தில் போட்டுவிடலாம் என்று சொன்னது. 2001 ஏப்ரலில் அறிவித்தார்கள், 2002-ல் 50 பாடங்களோடு வெள்ளோட்டம் விட்டார்கள், இப்போது 2,500-க்கும் மேல். அறிவியல் ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற புடாபெஸ்ட் பிரகடனம் வந்ததும் அதே 2002-ல்தான். அந்த ஓரிரண்டு வருடங்களில் காற்று அந்தப் பக்கமாக வீசியிருக்கிறது போல.

தளத்துக்குள் போனதும் நான் கொஞ்ச நேரம் தேடியது, எங்கே பதிவு செய்வது என்பதைத்தான். அப்படி ஒன்று கிடையாது. மின்னஞ்சல் கேட்கவில்லை, தொலைபேசி எண் கேட்கவில்லை, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. பாடத்தைச் சொடுக்கினால் பாடத்திட்டம், வீடியோ, வீட்டுப்பாடம், தேர்வுத் தாள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. பூட்டு போட்ட தளத்தில் அடிபட்டு வந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் பெயரே கேட்காத இடத்தில் நீங்கள் வராமல் போனாலும் யாருக்கும் தெரியாது. நான் இரண்டு தடவை ஓடிப்போனபோது ‘எங்கே ஆளைக் காணோம்’ என்று ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை, எப்படி வரும், நான் வந்ததே யாருக்கும் தெரியாதே. பதக்கத்தை நக்கல் அடித்தேன், ஆனால் அந்த இரண்டு தடவையும் பதக்கம் இருந்திருந்தால் இன்னும் நாலு வகுப்பு தாண்டியிருப்பேனோ என்னவோ.

சரி, பாடத்துக்கு வருவோம். கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற பேராசிரியர் எடுத்த வகுப்புகள், 1999-ல் பதிவானவை. படம் மங்கல்தான், அனிமேஷன், பின்னணி இசை எதுவும் கிடையாது, கரும்பலகை, சாக்பீஸ், ஒரு மனிதர், அவ்வளவுதான். முதல் வகுப்பில் இரண்டு சமன்பாடு எழுதுகிறார்: 2x − y = 0, −x + 2y = 3. நமக்குப் பழகிய மாதிரியே ஒவ்வொன்றையும் ஒரு கோடாக வரைந்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் (1, 2) என்று காட்டுகிறார். அதுவரை பள்ளிக்கூடக் கணக்கு. அப்புறம் அதே எண்களை நெட்டுக்குத்தாகப் பார்க்கச் சொல்கிறார். நெட்டுக்குத்தான வரிசைக்கு நிரல் என்று பெயர், கிடையாக இருந்தால் நிரை. ஒரு நிரல் (2, −1), இன்னொரு நிரல் (−1, 2). இதில் எத்தனை, அதில் எத்தனை எடுத்துக் கூட்டினால் (0, 3) வரும்? முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. ஓர் அம்பு போடுகிறார், அதன் நுனியில் இரண்டாவது அம்பு, அந்த நுனியில் அதே அம்பு இன்னொரு தடவை, கடைசி நுனி போய் (0, 3)-ல் உட்காருகிறது.

நான் வீடியோவை நிறுத்திவிட்டேன். (1, 2) என்பது இரண்டு கோடுகள் முட்டிக்கொள்ளும் புள்ளி என்று மட்டும்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன், அது ‘இதில் ஒன்று, அதில் இரண்டு’ என்று ஒரு கலவைக் கணக்கும்கூட என்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்! அடுத்து முப்பரிமாணத்துக்குப் போய் அவர் கேட்கும் கேள்விதான் பாடம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது: வலப்பக்கம் எதைக் கொடுத்தாலும் இந்த நிரல்களைக் கலந்தே அங்கே போய்ச் சேர முடியுமா, முடியாதென்றால் எங்கெல்லாம் போக முடியும்? 29-வது வகுப்பில் எஸ்விடி (ஒரு மேட்ரிக்ஸை மூன்று எளிய மேட்ரிக்ஸ்களின் பெருக்கலாக உடைக்கும் முறை) வரும்போதும் மனதில் ஓடுவது இந்தக் கேள்விதான்.

ஒரு நடைமுறை விஷயம். இதே பாடம் தளத்தில் இரண்டு உருவில் இருக்கிறது, தேடினால் குழப்பும். தனியாகப் படிக்கிறவர்கள் 18.06எஸ்சி என்று இருக்கும் ஸ்காலர் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். அதில் ஒவ்வொரு வகுப்புக்கும் சுருக்கக் குறிப்பு, உதவி ஆசிரியர் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக்காட்டும் வீடியோ, பயிற்சிக் கணக்குகள், விடைகள் என்று கோத்து வைத்திருக்கிறார்கள். நான் முதல் இரண்டு தடவை ஓடியதற்கு இது தெரியாமல் மற்றதைப் பிடித்ததும் ஒரு காரணம். அந்த மற்றதில் வீட்டுப்பாடம் என்பது பெரும்பாலும் புத்தகத்தில் இந்தப் பகுதியில் இத்தனையாவது கணக்கு என்று எண் மட்டும்தான், புத்தகமோ ஸ்ட்ராங் எழுதி விற்பனையில் இருப்பது. (அவருடைய கால்குலஸ் புத்தகம் முழுவதும் இதே தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.)

எல்லாப் பாடமும் இப்படி இருக்கும் என்று நினைத்து யாரும் போய்விடாதீர்கள். பேராசிரியர்கள் விருப்பப்பட்டுக் கொடுப்பதுதான், கட்டாயமில்லை, அதனால் முழு வீடியோ இருக்கும் பாடங்கள் கொஞ்சம்தான். நிறைய பாடங்களில் பாடத்திட்டமும் படிக்க வேண்டியவற்றின் பட்டியலும்தான் இருக்கும். பட்டியலில் உள்ள கட்டுரையைத் தேடிப் போனால் பதிப்பகத்தின் கட்டணச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கலாம். அதற்கு அன்பேவால் என்று ஒரு பிரவுசர் நீட்சி இருக்கிறது, அந்தக் கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பூட்டு திறந்து பச்சையாகத் தெரியும். இயற்பியல், கணிதம் என்றால் 1991-லிருந்து இயங்கும் ஆர்க்கைவ் தளத்தில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். மற்ற துறைக்காரர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான்.

எனக்கு இந்தப் பாடத்தில் மறக்காமல் நிற்பது ஒரு தப்பு. ஒன்பதாவது வகுப்பில் பேசிஸ் (கலந்து கலந்தே ஒரு வெளியின் எல்லா இடத்துக்கும் போகப் போதுமான, ஒன்றுகூட மிகையில்லாத வெக்டர்கள்) என்றால் என்ன என்று விளக்கும்போது முப்பரிமாண வெளிக்கு உதாரணமாக (1, 1, 2), (2, 2, 5), (3, 3, 8) என்று மூன்று வெக்டர்களை எழுதுகிறார். நானும் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். பத்தாவது வகுப்பைத் தொடங்கும்போதே மனிதர், போன வகுப்பில் ஒரு தப்பு நடந்துவிட்டது, முதலில் அதைச் சரிசெய்கிறேன் என்கிறார். மூன்றிலும் முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒன்றே. எப்படிக் கலந்தாலும் கிடைப்பதிலும் அந்த இரண்டும் சமமாகத்தான் வரும், (1, 0, 0) என்ற இடத்துக்கு ஜென்மத்துக்கும் போக முடியாது. கண் முன்னால் இருந்திருக்கிறது, இரண்டு கோடு போட்டவன் கண்ணில் படவில்லை.

அந்த இடத்தை வெட்டிவிட்டு ஏற்றியிருக்கலாம், வெட்டவில்லை, தப்பும் திருத்தமும் அப்படியே இருக்கின்றன. இந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்தத் தளத்தின் மேல் மரியாதை. ஸ்ட்ராங் 2023 மே 15 அன்று, 88 வயதில், தன் கடைசி வகுப்பை எடுத்தார், அந்த வீடியோவையும் பார்க்கலாம். அப்போதும் சாக்பீஸ்தான்.

அவருடைய தப்பு அடுத்த வகுப்பிலேயே திருத்தப்பட்டது. என் தப்பை யார் சொல்வார்கள்? விடைகள் இருக்கின்றனதான், ஆனால் விடை என்பது ஒன்றுதான் என்று இந்தக் கணக்கில் கிடையாது. நல்ஸ்பேஸ் (மேட்ரிக்ஸால் பெருக்கினால் பூஜ்யமாகிவிடும் வெக்டர்கள்) கண்டுபிடிக்கும் ஒரு கணக்கில் விடைத்தாளில் இரண்டு வெக்டர்கள், என் நோட்டில் வேறு இரண்டு. எங்கே சறுக்கினேன் என்று இரண்டு நாள் ராத்திரி அடித்து அடித்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால் அவர்களுடைய இரண்டையும் கூட்டினால் என் முதலாவது, கழித்தால் என் இரண்டாவது. ரெண்டும் சரி. பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் அரை நிமிட வேலை. பேராசிரியர்களைத் தொடர்புகொள்ள வழி இல்லை என்று தளத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள், ஆகவே அதைக் குறை என்று சொல்ல முடியாது, தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

சான்றிதழும் கிடையாது. வேலைக்கு விண்ணப்பத்தில் காட்ட ஏதாவது வேண்டும் என்றால் இது உங்களுக்கு இல்லை. அதற்கென்று எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2012-ல் லாப நோக்கமில்லாமல் தொடங்கிய எட்எக்ஸ் இருக்கிறது, ஆனால் அதை 2021-ல் 2யூ என்ற வணிக நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள், அந்த நிறுவனமும் 2024-ல் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது. தளம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு தடவை பூட்டுக்கு வெளியே நின்றவன் இதையெல்லாம் கவனிக்காமல் இருக்க மாட்டான். ஓப்பன்கோர்ஸ்வேரில் பாடத்தை மொத்தமாக ஒரே ஸிப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், வீடியோக்களைத் தனியாக இறக்க வேண்டும். என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 18.06 முழுவதும் இருக்கிறது, இனி யார் யாருக்கு விற்றாலும் எனக்கென்ன. இணைய வசதி சரியில்லாத பல்கலைக்கழகங்களுக்கு இவர்களே மொத்தத் தளத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இறக்கிக்கொள்வதோடு நிற்கவில்லை உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ்: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், வியாபாரம் செய்யக் கூடாது, நீங்கள் மாற்றி எழுதினால் அதையும் இதே நிபந்தனையில் வெளியே விட வேண்டும். மொழிபெயர்க்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பது பலருக்குத் தடைதான், தானாக வரும் தமிழ் வசன வரிகள் கணிதச் சொற்களில் கோமாளித்தனம் செய்கின்றன. அதனால் முதல் பத்து வகுப்புகளின் சுருக்கக் குறிப்புகளை நானே தமிழில் எழுதி, இதே பாதையில் திணறிக்கொண்டிருந்த மூன்று நண்பர்களுக்கு அனுப்பினேன்.

மதிப்பெண் கேட்டால் இந்தப் பாடத்துக்கு ஐந்துக்கு ஐந்து, தளத்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது பாடத்துக்குப் பாடம் தரம் மலைக்கும் மடுவுக்கும் இருப்பதற்காக. தொடங்குகிறவர்கள் தனியாகத் தொடங்காதீர்கள், கூட ஒரே ஓர் ஆள் போதும், நோட்டை மாற்றிக்கொண்டு பார்க்க. எனக்கு அது தாமதமாகத்தான் அமைந்தது. குறிப்புகளை அனுப்பி மூன்று வாரம் கழித்து ஒரு நண்பனிடமிருந்து செய்தி வந்தது: “டேய், ஆறாவது வகுப்புல நிரல்னு வர வேண்டிய எடத்துல எல்லாம் நிரைனு போட்டு வச்சிருக்க, எனக்குத்தான் புரியலையோன்னு ரெண்டு நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கேன்.” நாலு இடத்தில் அப்படி இருந்தது. திருத்தி மறுபடி அனுப்பினேன், ஐந்தாவதையும் அவனே கண்டுபிடித்தான்.