வன்னி வகுப்புகளில் வட்ஸ்அப், டெலிகிராம், பேஸ்புக்: 2020 முதல் பாவித்துப் பார்த்ததில்

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவசரத்துக்குத் தொடங்கிய வட்ஸ்அப் குழுக்களில் பல இன்னும் ஓடுகின்றன. எது பாடத்துக்கு உதவியது, எது ஆசிரியரின் நேரத்தைத் தின்றது என்று இப்போது துணிந்து சொல்லலாம். வன்னியில் முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். கிளிநொச்சி நகரில் நல்ல இணைப்புள்ள வீட்டுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் பார்க்கவேண்டியது போன் யாருடைய கையில் என்பதை. ஒரே ஒரு ஸ்மார்ட்போன் உள்ள வீட்டில் பகலில் அது அப்பாவோடு வயலுக்கோ கடலுக்கோ போய்விடும். பிள்ளையின் கைக்கு வர இரவு ஏழு மணி ஆகும். அக்கா உயர்தரம் படிக்கிறார் என்றால் முதல் உரிமை அவருக்குத்தான். அதனால் நேரலை வகுப்பு இங்கே எடுபடாது. காணொளியோடு ஒரு மணித்தியால சூம் வகுப்புக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் டேட்டா போய்விடும். ஒரு நிமிடக் குரல்பதிவோ 200 கிலோபைட்டைத் தாண்டுவது அரிது. ஒரு செயலட்டை, அதை விளக்க மூன்று நிமிடத்துக்குட்பட்ட இரண்டு குரல்பதிவுகள்: ஒரு பாடவேளைக்கு இது தாராளம். விளங்காத இடத்தைப் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்பது வகுப்பறையிலும் கிடைக்காத வசதி.

ஒரு வகுப்புக்கு இரண்டு குழு வையுங்கள். ஒன்றில், குழு அனுமதிகளுக்குள் போய் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள்; பாடம் இதில் மட்டும். மற்றது கேள்விக்கு. ஒரே குழுவாக வைத்தால் 'நன்றி சேர்', காலை வணக்கப் படங்கள், முன்னனுப்பிய வதந்திகள் எல்லாவற்றுக்கும் அடியில் செயலட்டை புதைந்துவிடும். கேள்விக் குழுவை இரவு ஏழு முதல் ஒன்பது வரை மட்டும் திறந்து வைப்பது நல்லது. சிக்னல் தேடிப் பிள்ளை குளக்கட்டில் போய் நிற்கும் ஊர் என்றால் இரவு நேரமே வைக்காதீர்கள். யானை நடமாடும் இடங்களில் இது உயிர்ப்பிரச்சினை. அங்கே பாடத்தைப் போட்டுவிட்டு மறுமொழிக்கு இரண்டு நாள் விடுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது எழுத்துரு. எங்கள் வினாத்தாள்களில் பெரும்பகுதி பாமினியில் தட்டச்சு செய்தவை. அந்த வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினால், பாமினி இல்லாத போனில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு என்பதே காரணம். கணினியிலேயே பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும், கணிதச் சமன்பாடுகளும் இடம் மாறாது. புதிதாகத் தட்டச்சு செய்வதை யூனிகோடில் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை. கோப்பின் பெயரில் தரம், பாடம், அலகு, இலக்கம் நான்கும் இருக்கட்டும். 'புதியது' என்று பெயரிட்ட கோப்பை ஒரு மாதம் கழித்துத் தேடி எடுக்கவே முடியாது.

விடைத்தாள் திரும்பி வரும்போது வேறு சிக்கல். சாதாரணமாக அனுப்பும் படத்தை வட்ஸ்அப் சுருக்கிவிடும்; பென்சிலில் கீறிய கேத்திரகணித உருவும் கவராயத்தின் வில்லும் மங்கிப்போகும். படமாக அனுப்பாமல் 'ஆவணம்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். மின்குமிழின் கீழே தன் நிழல் விழ எடுப்பதைவிட, காலையில் வாசலடியில் கொப்பியை விரித்து நேர் மேலே இருந்து எடுத்தால் தெளிவு.

யார் பார்த்தார்கள் என்று அறிய, அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவலைத் திறந்தால் சென்றவர், படித்தவர் எனத் தனித்தனியாக வரும். ஆனால் படித்தது அம்மாவாகவும் இருக்கலாம். இதை வரவுப் பதிவாக எடுத்துப் பிள்ளையைக் கண்டிப்பது பிழை.

டெலிகிராமின் பலம் களஞ்சியம். பாதியில் வந்து சேரும் பிள்ளைக்கும் பழைய பாடங்களைக் காட்டும்படி குழுவை அமைக்கலாம். விடையும் விளக்கமும் காட்டும் வினாவிடை வசதி உண்டு. வட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதைத் தெரிவுசெய்தார் என்பது எல்லோருக்கும் தெரிவதால், கெட்டிக்காரப் பிள்ளையின் விடையை மற்றவர்கள் அப்படியே அழுத்திவிடுவார்கள். இருந்தும் டெலிகிராமுக்கு இரண்டாம் இடம்தான். பெற்றோரின் போனில் அது இருப்பதில்லை.

பேஸ்புக் பாடத்துக்கு வேண்டாம். பழைய மாணவர்களோடு, குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர்களோடு, தொடர்பு வைக்கப் பாடசாலைப் பக்கம் பயன்படும். ஆனால் கொப்பியோ சப்பாத்தோ வாங்கும் பிள்ளையின் முகத்தைப் பெயரோடு அதில் போடுவதை உடனே நிறுத்தவேண்டும். அந்தப் படம் பிள்ளை வளர்ந்த பிறகும் இருக்கும். வட்ஸ்அப் குழுவிலும் ஒருவரின் இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் இலக்கம் வெளியே போய்த் தொந்தரவாகும் அபாயம் உண்டு. பெற்றோரின் இலக்கத்தையே சேருங்கள். பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வட்ஸ்அப் 'கம்யூனிட்டி'யின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் இலக்கங்கள் மற்றவர்களுக்கு மறைந்திருக்கும் என்பதால் பெரிய வகுப்புகளுக்கு அதுவே மேல்.

எதையும் ஒரே தளத்தில் மட்டும் வைக்கக்கூடாது. ஆசிரியர்களுக்கென்றே இருந்த எட்மோடோ 2022 செப்டெம்பரில் மூடப்பட்டது. நாட்டில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய மாதங்களில் சமூக ஊடகங்களே முடக்கப்பட்டன. மூலக்கோப்புகள் ஒரு பென்டிரைவில் இருக்கட்டும். ஒவ்வொரு செயலட்டையிலும் போன் இல்லாத பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மேலே இரண்டு போட்டோக்கொப்பி கூட எடுத்து, திங்கட்கிழமை காலையில் கையில் கொடுங்கள். அந்த இரண்டு, போன் இருந்தும் அந்தக் கிழமை ரீலோட் போட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு.