சீசன் நடுவில் பயிற்சியாளரை மாற்றலாமா, முடியும்வரை பொறுக்கலாமா?

எங்கள் அணியில் இந்தக் கேள்விக்கு முடிவு எடுத்தாகிவிட்டது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துப் பையன்கள் சேர்ந்து ஆடும் சின்ன ஹாக்கி அணி எங்களுடையது. நிர்வாகக் குழுவில் நானும் ஒருவன். சீசன் பாதி ஓடியிருந்தபோது தலைமைப் பயிற்சியாளரை விடுவித்து, அவருக்குத் துணையாக இருந்தவரிடம் பொறுப்பைக் கொடுத்தோம். செய்தது சரிதானா என்று மற்ற அணிக்காரர்கள் கேட்கிறார்கள். சரி என்றுதான் நினைக்கிறேன்.

அந்த முடிவுக்கு முன்னால் நடந்த வாக்குவாதத்தில் எங்கள் ஊர் ஆட்டத்தைவிட கனடா, அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கிதான் அதிகம் அடிபட்டது. எங்களிடம் ஆடிய சிலர் இப்போது டொராண்டோ பக்கம் வேலையில் இருக்கிறார்கள், அவர்கள் ஒட்டவைத்த பழக்கம் இது. பயிற்சி முடிந்து டீக்கடையில் நின்றால் கனடாவின் எட்மண்டன் அணி ஏன் பயிற்சியாளரை அனுப்பியது என்று பேச்சு ஓடும். பனியில் ஆறு பேர், தரையில் பதினொரு பேர் என்ற வித்தியாசம் இருக்கட்டும். அந்த இரண்டு நாட்டு அணிகளும் ஆடும் பெரிய ஐஸ் ஹாக்கி லீக் என்.எச்.எல். நான் சொல்லப்போகும் அதன் சீசன்களில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள், நடுவில் ஆளை மாற்றுவது அங்கே சகஜம். பார்த்து யோசிக்க நிறைய உதாரணம் கிடைக்கிறது.

முதலில் பொறுக்கச் சொல்பவர்கள் பக்கம். இவர்களுக்கு நம் இந்திய அணியே நல்ல சாட்சி. 2015இல் பால் வான் ஆஸ் பயிற்சியாளராக வந்த சில மாதங்களில் போனார். அடுத்து ரோலன்ட் ஓல்ட்மன்ஸ், 2017 செப்டம்பரில் அவரும் நீக்கம். பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த ஷோர்ட் மரைனை ஆண்கள் அணிக்குக் கொண்டுவந்து, 2018 மே மாதம் திரும்பவும் பெண்கள் அணிக்கே அனுப்பினார்கள். ஹரேந்திர சிங் வந்தார். புவனேஸ்வர் உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்ற பிறகு, 2019 ஜனவரியில் அவரும் இல்லை. ஒரு முறையைப் பழகி முடிப்பதற்குள் அடுத்த முறை வந்தால் ஆடுபவன் என்ன செய்வான்?

2019 ஏப்ரலில் வந்த கிரஹாம் ரீடுக்கு நேரம் கிடைத்தது. டோக்கியோவில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று வாங்கியும் அணி கலையவில்லை. ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 வருடம் கழித்து ஒரு ஒலிம்பிக் பதக்கம். அதே டோக்கியோவில் மரைனின் பெண்கள் அணி முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றுவிட்டு, காலிறுதியில் ஆஸ்திரேலியாவையே 1-0 என்று வீழ்த்தி நான்காவது இடத்தில் முடித்தது. எங்கள் குழுவில் வயதில் மூத்தவர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “தோக்கறப்ப கூட நிக்கலன்னா அப்புறம் இன்னாத்துக்கு சார் கமிட்டி?”

நியாயமான பேச்சு. ஆனால் தேசிய அணிக்குப் போட்டிகளுக்கு இடையே மாதக்கணக்கில் முகாம் கிடைக்கும். லீக் ஆட்டத்தில் வாரா வாரம் புள்ளி போகிறது. எங்கள் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பையன்கள் அவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, களத்தில் தங்களுக்குத் தோன்றியதை ஆடிக்கொண்டிருந்தார்கள். இது தோல்வியைவிட மோசமான அறிகுறி. தோற்கும் அணியைத் தேற்றலாம். பயிற்சியாளரின் பேச்சு காதிலேயே ஏறாத அணியை அவரை வைத்துக்கொண்டு எப்படித் தேற்றுவது?

மாற்றச் சொல்பவர்கள் வழக்கமாக எடுத்து நீட்டுவது செயின்ட் லூயிஸ் புளூஸ் என்ற என்.எச்.எல். அணியின் கதையை. 2018 நவம்பரில் மைக் யோவை நீக்கினார்கள், துணைப் பயிற்சியாளர் கிரெய்க் பெரூபி பொறுப்பேற்றார், 2019 ஜூனில் ஸ்டான்லி கோப்பை, அதாவது என்.எச்.எல். சாம்பியன் பட்டம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவில் உள்ளதை யாரும் சொல்வதில்லை. பெரூபி வந்து ஆறு வாரத்துக்குப் பிறகும், ஜனவரி தொடக்கத்தில், அந்த அணி மொத்த லீகிலும் கடைசி. ஜனவரி 7 அன்று ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல்கீப்பரை முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடவிட்டார்கள். ஒரு கோல்கூட விடவில்லை. அதற்குப் பிறகுதான் அணி எழுந்தது. பயிற்சியாளர் காரணமா, கோல்கீப்பர் காரணமா என்று இன்றுவரை எங்கள் டீக்கடையில் தீர்ப்பு ஆகவில்லை. இரண்டும்தான் என்பது என் கட்சி.

பணம், ஒப்பந்தம் பற்றிய கவலை என்.எச்.எல். அணிகளுக்கு. டொராண்டோ 2015இல் மைக் பாப்காக்குக்கு எட்டு வருடம், 5 கோடி டாலர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, 2019 நவம்பரில் அனுப்பியது. எங்களைப் போன்ற அணிகளில் போக்குவரத்துப் படியும் டிபனும்தான், அதனால் அந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: அடுத்து வருபவர் உள்ளே இருந்து வருகிறாரா, வெளியே இருந்து வருகிறாரா? சீசன் நடுவில் ஆளை மாற்றிக் கோப்பை வென்ற அணிகளைப் பாருங்கள். 2000இல் நியூ ஜெர்சி டெவில்ஸ், வழக்கமான சீசனில் எட்டே ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது ராபி ஃப்டோரெக்கை நீக்கியது. வந்த லாரி ராபின்சன் அதே அணியின் துணைப் பயிற்சியாளர். 2009இல் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸுக்கு வந்த டான் பைல்ஸ்மா அவர்களுடைய இரண்டாம் நிலை அணியிலிருந்து வந்தவர். பெரூபியும் உள்ளாள். 2012இல் கோப்பை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், 2011 டிசம்பரில் கொண்டுவந்த டாரில் சட்டர் மட்டும் வெளியாள். அவரும் அந்த அணியின் பொது மேலாளரோடு முன்பே சான் ஹோசேயில் சேர்ந்து வேலை பார்த்தவர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மைக் சல்லிவன் விஷயம். 2015 டிசம்பரில் பிட்ஸ்பர்க் மைக் ஜான்ஸ்டனை நீக்கி, இரண்டாம் நிலை அணியிலிருந்து சல்லிவனை அழைத்தது. முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. அதன் பிறகு என்ன ஆயிற்று? அந்த இரண்டாம் நிலை அணியில் அவரிடம் ஆடிய பையன்கள் பெரிய அணியில் இடம்பிடித்தார்கள்: கானர் ஷியரி, பிரையன் ரஸ்ட், கோல்கீப்பர் மேட் மர்ரே. யார் வேகம், யாரைத் தட்டிக்கொடுக்க வேண்டும், யாரை அதட்டினால் ஆடுவான் என்று அவருக்கு முதல் நாளே தெரியும். 2016இல் கோப்பை, 2017இல் மறுபடியும் கோப்பை. வெளியாள் ஒருவர் வந்திருந்தால் அந்தப் பையன்களைக் கண்டுபிடிக்கவே சீசன் முடிந்திருக்கும்.

எங்கள் ஊரில் இது இன்னும் உண்மை. எங்கள் ஹாஃப் லைனில், அதாவது நடுவரிசையில், ஒரு பையன் ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறான். இரவு ஷிப்ட் முடிந்து நேராக மைதானத்துக்கு வரும் நாளில் அவனை ஓடவிடக் கூடாது. ரம்ஜான் நோன்பு மாதத்தில் பாதிப் பேருக்குப் பயிற்சி நேரத்தையே மாற்ற வேண்டும். பெனால்டி கார்னரில் கோல்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி புஷ் கொடுப்பவனுக்கும் அதை நிறுத்தும் ஸ்டாப்பருக்கும் சைகைகள் ஏற்கெனவே பழகியிருக்கின்றன. புதிதாக வருபவர் தன் சைகைகளைப் பழக்க ஆரம்பித்தால், அது கைக்கு வருமுன் பாதி ஆட்டம் போய்விடும். துணைப் பயிற்சியாளருக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் அவர் எல்லாவற்றையும் கலைக்காமல் இரண்டே விஷயத்தைத் தொட்டார். ஃபார்வர்டுகளை மேலேயே நின்று பந்தை அழுத்தச் சொல்லாமல் நடுக்கோடுவரை இறங்கச் சொன்னார். கார்னர் தடுக்க முதலில் ஓடும் ரஷ்ஷரை மாற்றினார். கோல் விடுவது உடனே குறைந்தது. கோல் போடுவதில் பெரிய மாற்றம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எட்மண்டன் ஆயிலர்ஸை இங்கே வைத்துத்தான் பார்க்கிறேன். 2023 நவம்பரில் 13 ஆட்டத்தில் 3 வெற்றி என்ற நிலையில் ஜே வுட்கிராஃப்டை அனுப்பினார்கள். வந்த கிரிஸ் நாப்லாக் வெளியாள்தான். ஆனால் கானர் மெக்டேவிட் சிறுவனாக ஜூனியர் லீகில் ஆடியபோது அவனுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். அணியின் முதல் ஆட்டக்காரனை அறிந்தவர் என்றால் பாதி உள்ளாள் மாதிரி. அந்த சீசனில் தொடர்ந்து 16 வெற்றி, இறுதிப்போட்டியில் ஏழாவது ஆட்டம்வரை போய்ப் புளோரிடாவிடம் தோற்றார்கள்.

உள்ளாளைப் போட்டால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 ஜனவரியில் டொராண்டோ, 40 ஆட்டத்தில் 21 வெற்றி என்று நல்ல நிலையில் இருந்தபோதே ராண்டி கார்லைலை நீக்கி, துணைப் பயிற்சியாளர் பீட்டர் ஹோராசெக்கிடம் அணியைக் கொடுத்தது. மிச்சமிருந்த 42 ஆட்டத்தில் 9தான் வெற்றி. அவர் அந்த அணிக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, அதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் ஓர் உதாரணத்தை வைத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் அனுபவமும் அரை சீசன்தான். எங்கள் புதியவருக்கு உள்ள சிரமமும் கண்ணெதிரே தெரிகிறது. நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசிய அண்ணன், இன்று ஒரு பையனை வெளியே உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தன் ஒரு வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை.

விடுவித்த விதத்திலும் கவனமாக இருந்தோம். பழைய பயிற்சியாளர் இந்தப் பையன்களில் பலருக்கு ஸ்டிக் பிடிக்கவே கற்றுக்கொடுத்தவர். குழுவில் மூன்று பேர் அவர் வீட்டுக்கே போய், முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பையன்களுக்குச் சொன்னோம். மைதானத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் அணி இரண்டாகியிருக்கும்.

புதியவருக்கு இப்போதைக்கு சீசன் முடியும்வரை மட்டுமே பொறுப்பு. பெரூபிக்கும் முதலில் தற்காலிகப் பொறுப்புதான், கோப்பைக்குப் பிறகே நிரந்தரம். 2023 டிசம்பரில் அதே புளூஸ் அவரையும் சீசன் நடுவில் அனுப்பியது வேறு கதை. மே மாதம் வேலூர் வெயிலில் எங்களுக்கு ஆட்டம் கிடையாது, அப்போது குழு மறுபடி உட்காரும். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்பவர்கள் அப்போது பெயர் சொல்லட்டும், வருபவருக்குப் பையன்களைப் பழகக் கோடை முழுவதும் கிடைக்கும். கோல்கீப்பருக்குத் தனியாக ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்று நானும் கேட்கப்போகிறேன். தலைமைப் பொறுப்புக்கு என் ஓட்டு இவருக்குத்தான்.